வாயின் இடது ஓரம்

2019 ஆகஸ்ட் 11. முசிறி அருகே ஒரு கிராமத்தில் பம்ப் மெக்கானிக் பழனியாண்டிக்குப் பக்கவாதம் வந்தது. கழுத்துக்குக் கீழே எல்லாம் போனது. பேச்சு போனது. கண்களும் வாயின் இடது ஓரமும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆமாம் என்றால் ஒரு தடவை கண்ணை மூடுவார். இல்லை என்றால் இரண்டு தடவை.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் ஒரு தடவை மூடினான். புரட்டிப் படுக்க வைக்கவா என்று கேட்டாலும் ஒரு தடவை.

வீட்டு முன்கொட்டகையில் பழுதுபார்க்க விட்டுப்போன பெட்ரோல் இன்ஜின்கள் கிடந்தன. ஒவ்வொருவராக வந்து விசாரித்தார்கள். பழம் கொடுத்தார்கள். இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் வாழை போட்டிருந்த நடேசனுடையது மட்டும் நின்றது. தண்ணீர் இறைக்கிற சின்ன இன்ஜின். அதுவும் போய்விட்டால் பட்டறை இல்லை. பட்டறை இல்லையென்றால் அடுப்பும் இல்லை.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்க்கா," என்றான் நடேசன். "வாழைக்கன்னு வாடுது. அப்புறம் டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

"நான் பாக்கறேன்."

"நீயா? மிக்சி இல்லக்கா இது."

கல்யாணமான புதிதில் ஒரு முறை அவள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தப்பான அளவு. அதே ஸ்பேனரால் பழனியாண்டி அவள் முழங்கையில் அடித்தான். பிறகு அவள் கொட்டகைக்குள் டீ கொடுக்க மட்டும் போனாள்.

கட்டிலைக் கொட்டகைக்கு இழுத்து வந்தாள். அவன் தலைக்கு இரண்டு தலையணை வைத்தாள். எதிரே சாக்கை விரித்து இன்ஜினை வைத்தாள்.

"ஏங்க, இதக் கழட்டவா?"

ஒரு தடவை மூடினான்.

கழற்றினாள். கயிறு சுற்றியிருக்கும் மூடி வந்தது. அதற்குள் காந்த வீல். வீலுக்கும் தண்டுக்கும் நடுவே பிறை வடிவில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. ஒரு பக்கம் அறுந்திருந்தது.

கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"இது இப்படியே இருக்கலாமா?"

ஒரு தடவை மூடினான்.

அப்படியே மாட்டினாள். பெட்ரோலைத் திறந்தாள். கயிற்றை விரலில் சுற்றி இழுத்தாள்.

இன்ஜின் கயிற்றைத் திருப்பி இழுத்தது.

நடுவிரலும் மோதிர விரலும் முறிந்தன. அவள் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தாள்.

அவன் வாயின் இடது ஓரம் சிரிப்பில் மேலே ஏறியிருந்தது.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

பிறகு எழுந்து போனாள். இரண்டு விரலையும் விளக்குமாற்றுக் குச்சி வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். இடது கையால் ஸ்பேனரை எடுத்தாள்.

இந்த முறை எதையும் கேட்கவில்லை.

ஸ்பார்க் பிளக்கைத் தூக்கிக் காட்டினாள். வாயோரம் ஏறியது.

கார்புரேட்டரைக் காட்டினாள். ஏறியது.

வீலைத் தொட்டாள். இறங்கியது. கண் கூரைக்குப் போனது.

அறுந்த துண்டை எடுத்து அவன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஏறியது. அவனுடைய டப்பாவைக் கொட்டி, அதே வடிவில் அறுபடாத ஒன்றைத் தேடி எடுத்தாள். காட்டினாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு தடவை, இரண்டு தடவை என்ற கணக்கில் இல்லை. இறுக்க மூடிக்கொண்டான். ஆனால் வாயை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது இறங்கிக்கொண்டே போனது.

அதையே மாட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் நடேசன் வந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். கட்டில் பக்கம் திரும்பியபோது பழனியாண்டியின் காதுவரை கண்ணீர் வழிந்திருந்தது.

"பாருக்கா, மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கல," என்றான்.

அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நடேசன் ஊரெல்லாம் சொன்னான். போன இன்ஜின்கள் திரும்பி வந்தன. பிறகு மருந்தடிக்கிற மெஷின், மரம் அறுக்கிற மெஷின், ஜெனரேட்டர் என்று புதிதாகவும் வந்தன. எது வந்தாலும் அவள் கட்டிலுக்கு எதிரே வைத்தே பிரித்தாள். ஒவ்வொரு பாகமாகத் தூக்கிக் காட்டினாள்.

புருஷனிடம் காட்டாமல் ஒரு திருகு கூட முடுக்க மாட்டாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அவன் சாப்பிட மறுத்தான். நர்ஸிடம் மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்லி, அதில் கஞ்சி ஊற்றினாள்.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு ஜெனரேட்டரை அவள் பிரித்து, துடைத்து, மாட்டி முடித்தாள். கயிற்றை இழுத்தாள். ஓடியது. அதற்குப் பிறகுதான் கவனித்தாள். அந்த நாள் முழுக்க அவள் ஒரு தடவைகூடத் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த முறை நடேசன் வந்தபோது கொட்டகையில் கட்டில் இல்லை.

"மாமா எங்கக்கா?"

"உள்ரூம்ல."

"அங்க ஜன்னல்கூடக் கெடையாதே. இங்கயே கெடக்கட்டும்க்கா. இன்ஜின் சத்தம் கேட்டாத்தான் அவருக்கு உசுரு."

அவள் பெட்ரோல் மூடியை இறுக்கினாள்.

"வெளிச்சம் கண்ணு கூசுதாம். அவருதான் சொன்னாரு."

நடேசன் தலையாட்டினான். இன்ஜினை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனான்.