கொடியில் ஒரு சட்டை

"என்னங்க, வாஷிங் மெஷின் பாக்க ஆள் வந்திருக்கார். நீங்க எழுந்திரிக்க வேணாம், நான் பாத்துக்கறேன்!"

சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, டீச்சர் மெக்கானிக்கிடம் திரும்பினாள். "ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்து தூங்கறார்."

"மெஷின் ஓடி எத்தனை நாளாச்சு?"

"பத்து நாளாச்சு தம்பி."

அவன் வாசலில் இருந்த பெரிய ஷூவைப் பார்த்தான். பால்கனிக் கொடியில் வெயிலில் தொங்கிய நீலச் சட்டையைப் பார்த்தான். மெஷினைக் கழற்ற ஆரம்பித்தான்.

அந்த அறையில் யாரும் இல்லை. கணவர் போய் எட்டு மாதம் ஆகிறது. இருந்தவரை சுவரில் ஓர் ஆணி அடிக்கத் தெரியாத மனுஷர், போன பிறகுதான் வீட்டுக்குக் காவல் இருக்கிறார்.

தனியாக இருக்கப் பயம் என்று டீச்சர் வாயைத் திறந்தால் போதும். மகன் வீட்டை விற்றுவிட்டு அவளை மூட்டை கட்டிக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அவளுக்கு இங்கேதான் இருக்க வேண்டும்.

"சார் எப்ப எழுந்திரிப்பார்?"

"இதோ, இப்ப எழுந்துடுவார்."

"பக்கத்து வீடு பூட்டியிருக்கே. ஊர்ல இல்லையா?"

இதெல்லாம் இவனுக்கு எதற்கு? "வந்துடுவாங்க," என்றாள்.

மெஷின் உறுமிக்கொண்டு ஓடியது. "துணி போட்டுப் பாக்கணும்," என்றவன், அவள் நகர்வதற்குள் பால்கனிக்குப் போய் அந்தச் சட்டையை உருவினான். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு மூடிய கதவைப் பார்த்தான்.

"உள்ள யாரும் இல்ல, அப்படித்தானே?"

டீச்சரின் கை தானாக மேஜை மேலிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டது. கத்தினால் யாருக்குக் கேட்கும்? மகன் சொன்னது சரிதானோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அவன் தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான். சட்டையோடு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தினான்.

"இது ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப் போச்சும்மா. எங்கம்மா நாலு சட்டை வெச்சு மாத்தி மாத்திக் கொடியில போடறாங்க."