தொட்டிக்கரை மான்கள்

கோடை முற்றியதில் காட்டோடை வறண்டுபோனது. எலும்பும் தோலுமாகிவிட்ட புள்ளிமான் ஒன்று தண்ணீர் தேடி அலைந்தது. வனவிலங்குகளின் வாழிடத்தைச் சீரமைக்க அரசாங்கம் நிதி கொடுத்து, காட்டோரம் தொட்டி கட்டியிருப்பதாகக் காக்கை சொன்னதும் அங்கே ஓடியது.

தொட்டி நிறையத் தண்ணீர். பக்கத்தில் ஒரு சிமென்ட் மான் நின்றது.

"யாரு நீ?" என்று கேட்டது சிமென்ட் மான்.

"மான். தண்ணி குடிக்க வந்தேன்."

"இங்கே மானுக்கு என்னைத்தான் வச்சிருக்காங்க."

"நீ தண்ணி குடிப்பியா?"

"சேச்சே, தொடவே மாட்டேன். தொட்டி எப்பவும் ததும்புறதைப் பார்த்து வர்றவங்களுக்கெல்லாம் ரொம்பத் திருப்தி."

புள்ளிமான் தண்ணீரை நோக்கிக் குனிந்தது. அதற்குள் ஜீப் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெரிய அதிகாரியும் ஒப்பந்தக்காரரும் இறங்கினார்கள்.

"ஓடினா விரட்டுவாங்க. என்னை மாதிரி அசையாம நில்லு" என்று கிசுகிசுத்தது சிமென்ட் மான்.

புள்ளிமான் மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றது.

அதிகாரி சிமென்ட் மானைத் தட்டிக்கொடுத்தார். "இது பிரமாதம்" என்றார். பிறகு புள்ளிமானைப் பார்த்து முகம் சுளித்தார். "இதை யாருய்யா செஞ்சது? மான் மாதிரியே இல்லையே. அடுத்த நிதி வந்ததும் நல்லா சதை வச்சுப் பூசுங்க."

"செஞ்சிடலாம் சார்" என்றார் ஒப்பந்தக்காரர்.

ஜீப் போனதும் புள்ளிமான் வயிறு முட்டக் குடித்தது. ஆனாலும் அதன் முகம் வாடித்தான் இருந்தது.

"வருத்தப்படாதே" என்று ஆறுதல் சொன்னது சிமென்ட் மான். "நானும் ஆரம்பத்துல வெறும் கம்பியாத்தான் இருந்தேன்."