முதலில் நீட்டிய கை

டாக்டர் அந்தத் தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அவள் சிரித்தபடி அதைக் கணவர் பக்கம் நகர்த்தினாள். "சுகர் அவருக்குத்தான் டாக்டர். எனக்கு ஒண்ணும் கெடையாது."

"இது உங்க ரத்தம்தாம்மா."

சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது.

சர்க்கரை அளவு சரியாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு இடங்களில் பேனாவால் வட்டமிட்டிருந்தார்.

"கெட்ட கொழுப்பு ரொம்ப ஏறியிருக்கு. ரத்தக் குழாய்ல வீக்கம் இருக்குன்னு காட்டுற அளவும் கூடியிருக்கு. இதயத்துல அடைப்பு ஆரம்பிச்சிருக்கும்னு சந்தேகப்படறேன்."

"சுகர் இல்லாதவளுக்குமா?"

"இல்லாதவங்களுக்கும் வரும்மா. நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது."

அவள் தன் நெஞ்சின்மேல் கை வைத்துப் பார்த்தாள். எப்போதும்போலத்தான் அடித்தது.

வீட்டில் நோயாளி என்றால் கணவர்தான். அவருக்குத் தனிக் கஞ்சி, தனிக் காய்.

சனிக்கிழமைதோறும் பெருமாள் கோயிலில் தரும் நெய்ப் பொங்கல் அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பிரசாதத்தைக் கொட்டவும் கூடாது. அவர் பங்கையும் அடுப்படியில் நின்று அவளே தின்று முடிப்பாள்.

மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயதுதான்.

போன வாரம் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தவரும் அவர்தான். ஊசியைக் கண்டால் அவருக்கு வியர்த்துவிடும். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

அவருக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் அவள் தன் கையை முதலில் நீட்டினாள். அவருக்கு எழுதியிருந்த சோதனைகளையே அவளுக்கும் செய்தார்கள்.

அவ்வளவுதான் நடந்தது.

நீட்டாமல் இருந்திருந்தால்?

பெருமாளே என்று முணுமுணுத்தாள்.

இன்றே இன்னொரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு, இதயத்தை ஸ்கேன் செய்துவரச் சொன்னார் டாக்டர்.

"சௌந்தரவல்லி!"

ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். சௌந்தரவல்லி கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அவளைத் தாண்டி உள்ளே போனார் கணவர்.

நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார்.

"சார், உங்களுக்கு எதுவும் எழுதலையே."

"மொதல்ல எனக்கு எடும்மா. அவ பாக்கட்டும்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

நீட்டிய கை மட்டும் அசையவில்லை.