ஆமென் வரும்வரை

சபையின் ஆண்டுக் கூட்டம் முடியப்போகிறது. பெண்கள் பக்கத்துப் பாயில் தபீதாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசக் கூடாது; சீட்டில் எழுதித் தந்தால் செயலாளர் ஜெபதாஸ் வாசிப்பார், அதுதான் இங்கே வழக்கம். மகள் ஸ்வீட்டி எழுதிய சீட்டு அவருடைய பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் மடித்தபடியே கிடக்கிறது. மின்விசிறிக் காற்றில் அதன் முனை மட்டும் படபடக்கிறது. "வேற ஒண்ணுமில்லியே? ஜெபம் பண்ணலாம்," என்கிறார் அவர். எல்லாக் கண்களும் மூடுகின்றன. இனி யார் வேண்டுமானாலும் வாய்விட்டு ஜெபிக்கலாம்; ஆமென் வரும்வரை யாரும் குறுக்கிட மாட்டார்கள். பக்கத்தில் துப்பட்டா சரசரக்கிறது. "அன்பின் பரலோகப் பிதாவே," என்று ஸ்வீட்டியின் குரல் எழுகிறது. "சண்டே ஸ்கூல் பாத்ரூமுக்குத் தாழ்ப்பா இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவைப் புடிச்சிக்கினு நிக்கிறோம். மூணு தபா சீட்டு குடுத்தோம், ஆண்டவரே. யாரும் படிக்கல." ஆண்கள் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. ஜெபதாஸ் தொண்டையைச் செருமுகிறார். தபீதாள் மகளின் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறாள். ஸ்வீட்டி ஆமென் சொல்லவில்லை. மூச்சு வாங்க நிற்கிறாள். செருமல் மறுபடியும் கேட்கிறது. தபீதாளின் விரல்கள் துப்பட்டாவை விடுகின்றன. "ஆமா ஆண்டவரே," என்கிறாள், கண்ணைத் திறக்காமலே. "நான் இங்க சண்டே ஸ்கூல் படிச்சப்பவும் தாழ்ப்பா இல்ல."