இரண்டு கோடு

"இப்ப பாரு" என்று சொல்லிவிட்டு அவர் லேத்தில் கம்பியைப் பிடித்திருந்த சக்கைக் கையால் மெல்லச் சுற்றினார்.

அவள் முழங்காலில் கை ஊன்றி, குனிந்து, கம்பியின் ஆட்டத்தை அளக்கும் டயலைப் பார்த்தாள்.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"அசையவே இல்லீங்க."

அவர் நம்பவில்லை. திரும்பவும் சுற்றினார்.

"நின்ன எடத்துலயே நிக்குதுங்க ஊசி."

கார் இல்லாத கார் ஷெட்டில், இரும்பைக் கடையும் அந்த லேத் இருந்தது. ஓய்வு பெற்ற வருடம் ஆசைப்பட்டு வாங்கியது. இப்போது எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. சர்க்கரை செய்த வேலை. டயலைப் பார்த்தால் வட்டம் தெரியும், ஊசி தெரியாது. மனைவி துளசிமணியைப் பார்த்தால் காது தெரியும், தோடு தெரியும், முகம் தெரியாது.

போன மாதம் சக்கை இறுக்கும் சாவியை அதிலிருந்து எடுக்காமல் மோட்டாரைப் போட்டுவிட்டார். சாவி பறந்துபோய் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. காபி கொடுத்துவிட்டு அவள் அந்த ஜன்னலைக் கடந்து இரண்டு அடிதான் போயிருந்தாள்.

மகளும் மாப்பிள்ளையும் வந்து பேசினார்கள். பல்லடத்தில் ஒருவர் மெஷினை எடுத்துக்கொள்ளத் தயார் என்றார் மாப்பிள்ளை.

அவர் ஒரே ஒரு வாய்ப்பு கேட்டார். ஒரு காலட் சக் செய்கிறேன். மெல்லிய கம்பியைச் சுற்றிலும் சமமாகப் பிடிக்கிற சக். அதில் மாட்டிய கம்பி ஆடாமல் சுற்றினால் மெஷின் இங்கேயே இருக்கட்டும். ஆடினால் கொண்டுபோகட்டும்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இருபத்திரண்டு நாள். கண் செய்ய வேண்டியதையெல்லாம் விரல் செய்தது.

உள்சரிவைக் கடைந்து முடித்ததும் சக்கைக் கழற்றி வெயிலுக்குக் கொண்டுபோனார். சாய்த்துப் பிடித்து ஓரக்கண்ணால் பார்த்தார். அதுவரை ஒழுங்குதான்.

மூன்று திருகு. மூன்று விதமாக மாட்டலாம். சரியானது ஒன்றுதான். அதற்காகவே கழற்றும் முன் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார்.

திரும்ப மாட்டும்போது கோட்டைக் காணோம். எண்ணெயில் அழிந்ததோ, கண்ணில் அழிந்ததோ. இதுதான் என்று தானே முடிவு செய்து மாட்டினார்.

இப்போது ஊசி அசையவில்லை என்கிறாள்.

அவர் சக்கின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றார். துளசிமணி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் தேடி உள்ளே ஓடினாள்.

"கண்ணு, உங்கப்பாவுக்குக் கை போகல. பல்லடத்துக்காரருக்கு வேண்டாம்னு சொல்லச் சொல்லு மாப்பிள்ளைய."

ஆறு மாதமாக அவள் இப்படிச் சத்தமாகப் பேசியதில்லை.

அவர் துணியை எடுத்து மெஷினை மூடப் போனார்.

மூடவில்லை.

முப்பது வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். அடுத்தவர்கள் கடைந்து கொண்டுவந்ததை அளந்து, தேறாததைத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. அந்த முப்பது வருடத்தில் அசையவே அசையாத ஊசியை அவர் பார்த்ததில்லை. எவ்வளவு நல்ல வேலைக்கும் டயலில் அரைக் கோடாவது துடிக்கும்.

கம்பியின் மேல் விரலை வைத்து டயலின் முனைவரை தடவிக்கொண்டு போனார்.

கம்பிக்கும் முனைக்கும் நடுவில் நகம் நுழைந்தது.

டயல் கம்பியைத் தொடவே இல்லை. தொட வைத்து, அழுத்தம் கொடுத்து, அதன் பிறகுதான் அளக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்கூட இந்தத் தப்பை அவர் செய்ததில்லை. அவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். காற்றை அளந்த ஊசி எதற்கு அசையப்போகிறது.

இது அவருக்கு மட்டும்தான் தெரியும். மூடிவிட்டுக் குளிக்கப் போகலாம். போகத்தான் நினைத்தார்.

உடைந்த கண்ணாடிக்குப் பதில் ஒட்டிய அட்டை காற்றில் அடித்துக்கொண்டது.

முனை கம்பியில் முட்டி, உள்ளிருக்கும் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும்வரை டயலை நகர்த்தினார். இறுக்கினார்.

"துளசி. இன்னொருக்கா வந்து பாரு."

"எத்தன தடவைங்க பாக்கறது" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். குனிந்தாள்.

அவர் சுற்றினார்.

அவள் இன்னும் கிட்டக் குனிந்தாள்.

இன்னொரு சுற்று.

"ஏனுங்க, எத்தன கோடு வரைக்கும் போலாமுங்க?"

அளவைச் சொல்லும் முன் எவ்வளவு வரை போகலாம் என்று கேட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்கள் கொண்டுவந்த வேலை ஒன்றுகூடத் தேறியதில்லை.

"ரெண்டு" என்றார்.

"அப்பச் சரிங்க. ரெண்டேதானுங்க."

அவர் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தால்தான் ஓரத்தில் அவள் தெரிவாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு இன்னும் டயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆணியில் மாட்டியிருந்த சக் சாவியைத் தடவி எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இதைப் பத்தரமா வெச்சுக்க. பல்லடத்துக்காரரு வந்தா மறக்காமக் குடுக்கோணும்."

அவள் வாங்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை.