இடது தோள்

துப்பாக்கியை வலது தோளில் வைத்து இடக்கண்ணை மூடியதும் அவருக்கு உலகம் பனியாகிவிட்டது.

பனிக்குள் எங்கோ, வெள்ளை அடித்த தார்ப்பீப்பாய் மூடி ஒன்று தொங்குகிறது. இருபத்தைந்து மீட்டர். சற்று முன் இடக்கண்ணால் பார்த்து வைத்திருந்தார்.

கைவிடப்பட்ட கல்குவாரி. காலை வெயில். குழியில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் தட்டான்கள். எல்லாம் இடக்கண் கண்டவை. வலக்கண்ணில் இரண்டு வருடமாக மார்கழி விடியல்தான்.

நரம்பு காய்ந்துவிட்டது, இனித் தெளியாது என்று ஒரு மருத்துவர் சொல்லியிருந்தார். தன்னை யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்துப் போய்க் கேட்டு வந்த சேதி. வீட்டில்கூடச் சொல்லவில்லை. வங்கிப் பணம் ஏற்றும் வண்டியில் துப்பாக்கிக் காவலர் அவர். தெரிந்தால் அன்றோடு வேலை போகும்.

வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. வரிசையில் முன்னால் நிற்பவர் எழுத்துகளை வாசிக்கும்போது காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். தன் முறை வந்ததும் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, பனியைப் பார்த்து, கேட்டதை ஒப்பிப்பார். போன தடவை, முன்னால் நின்றவர் தப்பாக வாசித்த எழுத்தையும் சேர்த்து ஒப்பித்துவிட்டார். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி நல்ல ஜீவன். எந்தத் தோளில் வைத்தாலும் அதற்கு ஒன்றுதான். சத்தமில்லாமல் இடது தோளுக்கு மாறிக்கொண்டார்.

இப்போது இது.

நிறுவனம் பம்ப் துப்பாக்கிகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் பழைய கட்டைக்குப் பதிலாக ஒரு கிட் மாட்டியிருந்தது. புல்பப் என்றார்கள். குழாயின் நீளம் குறையவில்லை. விசையை முன்னால் தள்ளி, வெடிக்கும் இடத்தைத் தோளுக்கே கொண்டுவந்துவிட்டதால் மொத்தத்தில் ஒரு முழம் குட்டை. ஏ.டி.எம். அறைக் கதவில் இடிக்காது. வண்டிக்குள் மடியில் அடங்கும். ஓட்டுநர் கிட்டுச்சாமிக்கு ஏகச் சந்தோஷம். பழைய குழல் ஒரு திருடனைக்கூடத் தொட்டதில்லை, வேகத்தடைக்கு வேகத்தடை தன் பிடரியைத்தான் குத்தியிருக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஓய்வுபெற்ற சுபேதார் இன்னாசி. புதுத் துப்பாக்கியின் குறைகளையும் அவர் மறைக்கவில்லை. விசையிலிருந்து பின்னால் நீளக் கம்பி ஓடுகிறது. ஈர மணலுக்குள் விரல் விட்டதுபோல மந்தமாக இருக்கும். காதை ஒட்டி வெடிக்கும். சுட்டபின் குழாய்க்கடியில் உள்ள பம்பை இழுத்தால் காலித் தோட்டா வலப்பக்கமாகத் தெறிக்கும், அதனால் இடது தோளில் வைக்கிறவன் முகத்திலேயே வாங்குவான்.

ஐந்து தோட்டா. மூன்று பட வேண்டும். துப்பாக்கியைத் தோளில் வைத்தபடியே பம்பை இழுக்க வேண்டும். இடுப்புக்கு இறக்கினால் அது செல்லாது. தேறாதவருக்கு வண்டியில் வேலை இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி அடுத்த வாரம்தான் வருமாம்.

பனிக்குள் சுட்டார்.

கல் உதிரும் ஓசை கேட்டது.

இன்னொன்று. மறுபடியும் கல்.

இன்னாசி காகிதத்தில் இரண்டு கோடு போட்டார்.

மிச்சம் மூன்று. மூன்றும் பட வேண்டும்.

அவர் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினார்.

"அந்தப் பக்கம் வேண்டாம்யா. கண்ணுல அடிக்கும்," என்றார் இன்னாசி.

அவர் காதில் விழாததுபோல் நின்றார்.

மூடி தெரிந்தது. விடிந்த பிறகும் போகாமல் நின்றுவிட்ட நிலாவைப் போல. அதன் விளிம்பில் ஒரு தட்டான் உட்கார்ந்து எழுந்தது. அதன் இறக்கையில் இருந்த கோடுகூடத் தெரிந்தது. மனைவியின் முகம், மகளின் கையெழுத்து, இனி வரப்போகும் அத்தனை காலைகளும் இந்த ஒரு கண்ணில்தான் குடியிருந்தன.

சுட்டார். மூடி கணீரென்றது.

பம்பை இழுக்கும் நொடியில் அந்தக் கண்ணை இறுக மூடினார்.

பனி மட்டும் இருந்தது. பனிக்குள்ளிருந்து ஏதோ பறந்து வந்து மேலுதட்டில் அடித்தது. சூடாக இருந்தது.

திறந்தார். நிலா ஊசலாடிக்கொண்டிருந்தது. அது திரும்பி வரும்வரை காத்திருந்து சுட்டார். மறுபடியும் கணீர்.

மூடினார். இம்முறை கன்ன எலும்பு. பனிக்குள் அமைதியாக இருந்தது. அங்கே குவாரி இல்லை, வண்டி இல்லை, வரிசையில் முன்னால் நிற்க யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

திறந்தார். ஈர மணலுக்குள் விரல் மெல்ல இறங்கியது.

கணீர்.

கடைசிக் காலித் தோட்டாவையும் கழற்றியாக வேண்டும். அது மூடிய இமையின்மேல் வந்து விழுந்தது.

சற்று நேரம் அவர் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு திறந்தார். பச்சைத் தண்ணீர் இருந்தது. தட்டான்கள் இருந்தன.

இன்னாசி அருகில் வந்து, உதட்டு ரத்தத்தையும் சிவந்த இமையையும் பார்த்தார். ஏன் தோள் மாறினாய் என்று கேட்டார். வலது தோளில் சுளுக்கு என்றார் அவர்.

"சுளுக்கா," என்றார் இன்னாசி. காகிதத்தில் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் வண்டிக்குத் திரும்பி நிழலில் நின்றார். தேறியாகிவிட்டது. உதட்டு எரிச்சல்கூட யாருடையதோ போல் தூரத்தில் இருந்தது.

தேநீர் வாசனை வந்தது. வலப்பக்கத்துப் பனியிலிருந்து.

அவர் திரும்புவதற்குள் செருப்பொலி அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்தது. இடப்பக்கம் ஒரு டம்ளர் நீண்டது. கிட்டுச்சாமி.

"ஆறிப்போயிரும், குடிங்ணா."

வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. இரண்டு வருடமாகக் கிட்டுச்சாமி நீட்டிய தேநீரை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றுகூட வலப்பக்கமிருந்து வந்ததில்லை.

கிட்டுச்சாமி வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, அவர் ஏறுவதற்காகக் காத்திருந்தார்.