பழைய இதயத்துக்கு எத்தனை மார்க்?

“ஏம்மா, என் வால்வு பாஸா, ஃபெயிலா? அதை மட்டும் சொல்லிடு, போயிடறேன்.”

வந்துவிட்டார் இசோபே. இதோடு ஆறாவது செவ்வாய்க்கிழமை. கையில் வழக்கம்போல ஒரு கருவாட்டுப் பொட்டலம்.

ஒசாகா மீன் சந்தையில் நாற்பது வருஷம் சூரை மீனுக்குத் தரம் சொன்னவர். மூன்று மாதம் முன்பு அவருக்கு மாற்று இதயம் வைத்தார்கள். வெளியே எடுத்த பழைய இதயத்தில் தசைதான் கெட்டிருந்தது. வால்வுகள் இன்னொருவருக்கு ஆகுமே என்று அவரிடம் முன்பே கையெழுத்து வாங்கி, இந்தத் திசு வங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். சோதித்துத் தரம் போட்டவள் நாகுமோ.

“சொல்லக் கூடாதுங்கய்யா. விதி.”

“பொல்லாத விதி! நான் மீன் வாலை வெட்டி, டார்ச் அடிச்சுப் பார்த்து, சந்தையே கேக்கற மாதிரி கத்துவேன். ஒரு மீனும் கோவிச்சுக்கிட்டதில்ல.”

பக்கத்து மேஜை தேஷிமா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே நழுவினான். நாகுமோவும் பின்னாலேயே போனாள்.

“மனுஷனுக்கு எவ்வளவு தற்பெருமை பாரு! யாரோ செத்து, இவருக்கு ஒரு இதயம் கிடைச்சிருக்கு. இவருக்கு என்னடான்னா பழசுக்கு மார்க் வேணுமாம்.”

“ஃபெயில்னு சொல்லித் தொலையேன். அத்தோட தொல்லை விட்டுது” என்றான் தேஷிமா.

நல்ல யோசனைதான். ஆனால் அவளுக்கு நாக்கு எழவில்லை. எள்ளளவு ஓட்டை இருந்தாலும் தூக்கி எறிகிறவள் அவள். கல்நெஞ்சக்காரி என்று டாக்டர்களே சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவள் இந்த வால்வில் தண்ணீர் நிரப்பிப் பிடித்தபோது, ஒரு சொட்டு கீழே விழவில்லை. மூன்று இதழும் பளிச்சென்று இருந்தன. அதைப் போய் மட்டம் என்று சொல்வதா?

வெளியே வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“பாஸ். முதல் தரம். நாளன்னிக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணுக்கு வைக்கப் போறாங்க. போதுமா? இனிமே வராதீங்க.”

மனுஷன் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தாள். இசோபே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“அதைத் தூக்கிப் போட்டுடும்மா.”

“என்னது?”

“பதினெட்டு வயசுல குடிச்சுட்டு மாடியிலேர்ந்து விழுந்தேன். மண்டையைத் திறந்து, செத்தவங்ககிட்டேர்ந்து எடுத்த மூளைச் சவ்வை வச்சுத் தைச்சாங்க. அந்தச் சவ்வால சில பேருக்கு மூளை நோய் வந்துச்சுன்னு அப்புறம் பேப்பர்ல போட்டான்.”

நாகுமோ செய்கிற எந்தப் பரிசோதனையிலும் சிக்காமல், திசு வழியாகத் தொற்றும் நோய் அது. அதற்காகவே சம்மதப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. ‘தலையில் அறுவை சிகிச்சை நடந்ததா?’ இவர் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்.

போனை எடுத்தாள். அந்த வால்வு வேண்டாம், வேறு அனுப்புகிறோம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொன்னாள். வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

“ஏன் மறைச்சீங்க?”

“சொன்னா எனக்குப் புது இதயம் தர மாட்டாங்களோன்னு பயம்.”

“சரி, அதுதான் கிடைச்சாச்சே! ஆறு வாரமா வர்றீங்க. இதைச் சொல்லாம மார்க்கையே கேட்டுட்டு இருந்தீங்களே, ஏன்?”

இசோபே பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார்.

“ஃபெயில்னு நீ சொல்லிட்டா, இதை நான் சொல்லாமலே போயிடலாம்னு பார்த்தேன்.”